இருபத்தொன்பது கல் சாமி

கல்யாணமான நாளிலிருந்து மாதனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. தன் பெண்டாட்டி இருசாயி பெரிய மூளைக்காரியா, இல்லை முற்றிப்போன கிறுக்கா? இரண்டாவதுதான் என்று ஊர் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாதன் மட்டும் நடுவில் நின்று திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மிளகுக்கொடி ஏற்றத் தெரியும், மரவள்ளி பிடுங்கத் தெரியும், கெடேரி சினையாக இருக்கிறதா என்று வரப்பில் நின்றபடியே சொல்லத் தெரியும். இதைச் சொல்லத்தான் படிப்புப் பத்தவில்லை. அந்த மலையிலிருக்கும் பெரக்கரை நாட்டில் அவனுக்குத் தெரிந்த யாருக்கும் பத்தவில்லை.

எல்லாம் சில்வர் ஓக் கன்றில் ஆரம்பித்தது. கல்யாணமான புதிது. மிளகுக்கொடி படர மரம் வேண்டுமே என்று மாதன் செம்மேட்டுக்குப் போய்க் கன்று வாங்கி, பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்தான். வந்து எண்ணினால் நூற்றுப் பதிமூன்று. வரிசை பிசகாமல் நட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பத்துப் பத்தாக வைத்துப் பார்த்தான், மூன்று மிஞ்சியது. ஒன்பது ஒன்பதாக வைத்தான், ஐந்து மிஞ்சியது. எட்டெட்டாக வைத்தபோது வந்துவிட்டது என்றே நினைத்தான், கடைசியில் ஒரே ஒரு கன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. வெயில் ஏறி, முதுகெல்லாம் வேர்த்து, கன்றுகளைத் திட்ட ஆரம்பித்துவிட்டான்.

புதுப்பெண் இருசாயி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவனிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவள் இல்லை.

"வராதுங்க," என்றாள். "அது அடங்காத எண்ணு."

"என்னது?"

"எப்படி வெச்சாலும் வரிசைக்கு அடங்காதுங்க. ஆனா ரெண்டு சதுரமா வெச்சா வரும். ஏழுக்கேழு ஒண்ணு, எட்டுக்கெட்டு ஒண்ணு. ஒரு கன்னு மிஞ்சாது."

நேற்று வந்தவள் நமக்குச் சொல்கிறாளே என்று மாதனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நட்டுப் பார்த்தான். ஏழு வரிசையில் ஏழேழு, எட்டு வரிசையில் எட்டெட்டு. ஒன்று கூட மிஞ்சவில்லை. கையில் கடப்பாரையோடு அப்படியே நின்றுவிட்டான். அவள் இன்னும் கிழங்குதான் உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு சதுரத் தோப்பும் இன்றைக்கும் இருக்கின்றன. மரங்கள் ஓங்கி வளர்ந்து, கொடி உச்சி வரை ஏறிவிட்டது. மிளகு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் எல்லாரும் இதென்ன இப்படி இரண்டு கட்டமாக நட்டிருக்கிறாய் என்று கேட்பார்கள். மாதன் பீடியைப் பற்றவைத்துக்கொள்வான். சொன்னால் மட்டும் நம்பப்போகிறார்களா!

இருசாயி படித்தது ஐந்தாவது வரைக்கும். அதற்குப் பிறகு அவளை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். ஆடு மேயும், இவள் பாறையில் உட்கார்ந்து வெங்கச்சங்கல்லை வரிசையாக வைத்து விளையாடுவாள். வெங்கச்சங்கல் என்றால் ஓடையில் கிடக்கும் பால் வெள்ளைக் கல். பன்னிரண்டு கல்லை மூன்று வரிசையாக வைக்கலாம், நாலு வரிசையாக வைக்கலாம். பதிமூன்றை என்ன செய்தாலும் ஒற்றை வரிசையில்தான் நிற்கும், மடங்காது. அப்படிப்பட்ட எண்களுக்குத்தான் அவள் அடங்காத எண் என்று பேர் வைத்தாள். பேரைக் கேட்டவர்கள், உன்னை மாதிரியே என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆடுகள் அடுத்தவர் காட்டில் மேய்ந்து அடி வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

அந்த அடங்காத எண்களில் அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கல்லை நாலு நாலாக எடுத்துக்கொண்டே வந்தால் சிலதில் கடைசியில் ஒரு கல் மிஞ்சும், சிலதில் மூன்று மிஞ்சும். மூன்று மிஞ்சுகிற எண் தலைகீழாக நின்றாலும் இரண்டு சதுரமாகப் பிரியாது. ஒன்று மிஞ்சுகிற எண்ணோ எப்போதும் இரண்டு சதுரமாகப் பிரிந்துவிடும். ஐந்து பிரியும், பதிமூன்று பிரியும், பதினேழு, இருபத்தொன்பது, முப்பத்தேழு என்று எடுத்ததெல்லாம் பிரிந்தது. களை எடுக்கும்போதும், ராகி குத்தும்போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அவள் வாய்க்குள் ஏதாவது ஓர் எண் பிரிந்துகொண்டிருக்கும். ஆயிரங்களைத் தாண்டிப் போய்விட்டாள். ஒன்று கூட ஏமாற்றவில்லை.

அங்கேதான் வந்தது வினை. "ஏனுங்க, இது எப்பவுமா?" என்று ஒரு நாள் மாதனிடம் கேட்டாள்.

"அதான் ஆயிரக்கணக்குல பாத்துட்டயே, இன்னும் என்ன?"

"பாத்தது பாத்ததோட போச்சுங்க. பாக்காதது கெடக்குதே! எங்கயோ ஒரு மூலைல ஒண்ணே ஒண்ணு பிரியாம உக்காந்திருந்தா?"

கேள்வியே மாதனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் அதைக் கேட்டபோது முகம் வாடிப்போயிருந்தது அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அந்த எப்பவுமா அவர்கள் வீட்டில் குடியிருந்தது. சோறு குழைந்தால் அதனால்தான். பாதி ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் எழுந்து உட்கார்ந்துகொண்டால் அதனால்தான். செம்மேட்டுச் சந்தையில் காய்க்காரி மீதிச் சில்லறையை நீட்ட, இவள் வாங்காமல் வானத்தைப் பார்த்து நின்றதும் அதனால்தான். கிறுக்கு முத்திப்போச்சு என்று ஊர் சொல்ல, மாதனுக்கு மறுத்துச் சண்டை போடவும் வாய் வரவில்லை, ஆமென்று சொல்லவும் மனசு வரவில்லை.

போன ஆடி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் காத்தாடி வைக்க ஆரம்பித்தாள். நாலு நாலாக எடுத்தால் ஒன்று மிஞ்சும் எண்தானே, அப்படியானால் நடுவில் ஒரு சதுரம் வைத்து, மீதிக் கல்லை ஒற்றை வரிசையாகவோ பல வரிசையாகவோ சுற்றிலும் நாலு சமமான கையாக நீட்டிவிடலாம். பார்த்தால் பிள்ளைகள் ஓலையில் செய்யும் காத்தாடி போலவே இருக்கும். நாலு கையும் சதுரமாகவே அமைகிற காத்தாடி ஒன்று கிடைத்தால் போதும், காரியம் முடிந்தது. நாலு சின்னச் சதுரத்தையும் ஒட்டிவைத்தால் ஒரு பெரிய சதுரம், நடுவில் ஒரு சதுரம், ஆக இரண்டு. ஆனால் அப்படி ஒன்று கட்டாயம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அவள் வைப்பாள், கலைப்பாள், மறுபடி வைப்பாள். ஒரு நாள் இருபத்தொன்பது கல்லை எடுத்து, நடுவில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கல், நாலு மூலையிலிருந்தும் ஐந்தைந்து கல்லாக நாலு கை என்று வைத்துவிட்டு, மழை வருகிறதே என்று காயப்போட்ட மிளகை அள்ள ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர்க்கவுண்டர் காளியண்ணன் அந்தப் பக்கம் வந்தார். அவருடைய கெடேரி காலையிலிருந்து காணோம். சோலை முழுக்கத் தேடி, கால் ஓய்ந்து, பாறையில் உட்கார்ந்தவர் கண்ணில் இந்த வெள்ளைக் கல் சக்கரம் பட்டது. மனுஷன் பயந்துவிட்டார். தாயே நீ யாரோ எவரோ, என் கெடேரியைக் கொண்டுவந்து விட்டுவிடு என்று கும்பிட்டார். கும்பிட்டு நிமிர்ந்தால் கெடேரி புதருக்குள்ளிருந்து அசைபோட்டுக்கொண்டே வருகிறது! பிறகு கேட்கவா வேண்டும். இருசாயி மிளகை அள்ளி முடித்துத் திரும்பி வருவதற்குள் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசி, சுற்றிலும் கயிறு கட்டி, தேங்காயும் உடைத்தாகிவிட்டது.

"ஐயோ, என்ற கல்லுங்க அது!" என்று இருசாயி பாய்ந்தாள்.

"உன்ற கல்லா இருந்தது வாஸ்தவந்தாம்மா," என்றார் காளியண்ணன். "மஞ்சப் பட்டுருச்சே! இனி ஆடி நோம்பில பூவாக்குக் கேட்டு, உத்தரவு வந்தாத்தான் அசைக்கோணும். நீயும் இந்த ஊருதானே, உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன, அந்த ஊரில் காலங்காலமாக அப்படித்தான். மஞ்சள் பட்ட கல்லை எடுத்து அடுப்புக்குக் கூட்டியவன் வீடு விளங்கவில்லை என்று இன்னும் பேர் சொல்லிக் கதை சொல்வார்கள். அதோடு விட்டார்களா? கல்லை வைத்த கை எதுவோ அதுதான் விளக்கும் ஏற்ற வேண்டும் என்று அவளையே பூசாரியாகவும் ஆக்கிவிட்டார்கள். பொழுது சாயும்போது விளக்கேற்றி, எண்ணெய் தீர்கிற வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லைத் தொடக் கூடாது. இருசாயி வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் போட்டு உருட்டினாள். மாதனுக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஆக, கல்லைக் கலைத்துக் கலைத்து யோசித்தவள், கையைக் கட்டிக்கொண்டு ஒரே காத்தாடியை வெறித்துப் பார்க்கும்படி ஆனது. நாள்தோறும் சாயங்காலம் அதே ஒன்பது கல், அதே நாலு கை, கைக்கு ஐந்து. மாதனும் துணைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரிப்பான். அவள் முதலில் முறைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சலித்துக்கொண்டாள். பிறகு பேச்சே குறைந்துவிட்டது.

மாசியில் ஒரு நாள் காளியண்ணன் வீட்டம்மா பொட்டு வைக்க வந்தார். குங்குமச் சிமிழைத் திறந்தால் அடியில் ஒரு துளி. எல்லாக் கல்லுக்கும் பத்தாது. சாமி கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லி, நட்ட நடுக்கல் ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டுப் போனார். விளக்கு எரிந்தது. மஞ்சள் பூசிய கற்களுக்கு நடுவில் ஒரே ஒரு கல் சிவப்பாக இருந்தது. இருசாயி அதையே பார்த்தாள். மாதன் ஏதோ கேட்டான், அவள் காதில் விழவில்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. மூச்சு விடுகிறாளா என்றே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "கை ஏழுங்க."

"என்ன ஏழு?"

"அஞ்சில்லைங்க, ஏழு! நடுவுல ஒண்ணுதான்! பாருங்க, நல்லாப் பாருங்க!"

மாதன் பார்த்தான். நடுக்கல் ஒன்றைத் தனியாக விட்டுவிட்டால், அதைச் சுற்றியிருக்கும் எட்டுக் கல்லும் கைக்கு இரண்டாகப் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. ஐந்து கல் கை ஏழு கல் கையாகிவிட்டது. ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. அதே இருபத்தொன்பது கல், அதே இடம், ஆனால் வேறு காத்தாடி. மாதனுக்கு இதுவரை அவள் சொன்னதில் முழுசாகப் புரிந்தது இந்த ஒன்றுதான். கயிறு கையிலிருந்து நழுவி விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

இருசாயி எழுந்து பாறையைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். கொண்டை அவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றுகிறது. "ஜோடி! எல்லாத்துக்கும் ஜோடி இருக்குது! ஒண்ணே ஒண்ணுக்குத்தான் இல்ல!" என்று கத்தினாள். சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. சாமி வந்துருச்சு என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவை போட, ஒருத்தர் வேப்பிலை ஒடிக்க ஓட, காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"தாயே, இந்த ஊருக்கு மழை தண்ணி உண்டா? சொல்லு தாயே!"

"எப்பவும்!" என்று அலறினாள் இருசாயி. "எப்பவுந்தான்! எங்க போயிப் பாத்தாலும் உண்டு! அதுக்கு முடிவே இல்ல!"

ஊரே தரையில் விழுந்து கும்பிட்டது. மாதன் மட்டும் விழாமல் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

இரண்டு நாள் கழித்து இருசாயியே அவனிடம் வந்தாள். "எனக்குச் சரியாத்தான் படுதுங்க. ஆனா என்ற தலைக்குள்ள மட்டும் இருந்தா எப்படி? படிச்சவிங்க ஒருத்தரு பாத்து, ஓட்டை எதும் இல்லைன்னு சொல்லோணும். இல்லைன்னா நானும் அந்தச் சாமியாட்டமும் ஒண்ணுதான்."

மாதனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவன் தம்பி மகள் கோகிலவாணி நாமக்கல்லில் தங்கி எம்.எஸ்ஸி. கணக்குப் படிக்கிறாள். ஆடி நோம்பிக்கு லீவு விடும், வாரேன் பெரியப்பா என்று போனில் சொன்னாள். மாதன் காத்திருந்தான். அந்தப் பெண் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ? தப்பு என்று சொல்லிவிட்டால் இருசாயி என்ன ஆவாள்? அவன்தான் என்ன ஆவான்?

நோம்பியன்று காலையில் கோகிலவாணி வந்து இறங்கினாள். பாறையில் செருப்போடு ஏறிவிட்டாள். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள், செருப்பைக் கழட்டு கண்ணு, சாமி இருக்குது என்று அதட்ட, "சும்மா இருங்க சின்னம்மா, பெரியம்மா வெச்ச கல்லுதானே," என்று சிரித்துக்கொண்டே இருசாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மாவின் மனசு நோகக் கூடாதே என்று கேட்க வந்த முகம் அது, மாதனுக்குத் தெரிந்துவிட்டது.

இருசாயி மஞ்சள் கல்லைத் தொடாமல், குச்சியால் காட்டிச் சொன்னாள். "இந்த எண்ணை வெச்சு எத்தனை விதமா காத்தாடி வெக்கலாமோ, அத்தனையும் வெச்சதா நெனச்சுக்கோ சாமி. ஒவ்வொண்ணையும் கல்லை அசைக்காமயே ரெண்டு விதமாப் பாக்கலாம், இதைப் பாத்தயில்ல, நடுவுல ஒம்போது, இல்லைன்னா நடுவுல ஒண்ணு. அப்படி ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துருது. நடுவுல ஒரு கல்லை வெச்சு, இது மாதிரி சுத்தி ஒட்டாம, நேரா நாலு பக்கமும் ஒத்தை வரிசையா நீட்டற காத்தாடி மட்டும் எப்படிப் பாத்தாலும் ஒரே விதந்தான். அதுக்கு ஜோடி இல்ல. அப்ப மொத்தம் ஒத்தப்படைதானே?"

"ஆமாங்க," என்றாள் கோகிலவாணி. கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"இப்ப வேற மாதிரி ஜோடி சேரு. கை நெட்டுக்க இருந்தா குறுக்கத் திருப்பி வை, குறுக்க இருந்தா நெட்டுக்க. அதுவும் ரெண்டு ரெண்டாத்தான் சேரும். ஆனா மொத்தம் ஒத்தப்படைன்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சே கண்ணு! அப்ப ஒண்ணாச்சும் ஜோடியில்லாம மிஞ்சித்தானே ஆகோணும்? திருப்பி வெச்சாலும் மாறாத கை எது?"

கோகிலவாணியின் உதடு அசைந்தது. சதுரம்.

"சதுரக் கை! அவ்வளவுதான். எந்த எண்ணா இருந்தாலும் சரி, நாம பாத்ததோ பாக்காததோ, அது உள்ளார ஒண்ணு உக்காந்திருந்தே ஆகோணும். தேடவே வேண்டாம்."

கோகிலவாணி அந்தக் கற்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே குனிந்து, செருப்பைக் கழற்றி, பாறைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

ஆனாலும் வாயால் கேட்டுவிட வேண்டும் மாதனுக்கு. அவளைத் தோப்புப் பக்கம் கூட்டிப்போனான். "சரியா கண்ணு?"

"சரிங்க பெரியப்பா. ஒரு ஓட்டை இல்லை." அவள் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் கூடப் பழகின மனுசியா இதுன்னு இருக்குது. அஞ்சாவது படிச்சவிங்க தனியா உக்காந்து இதைப் புடிச்சிருக்காங்கன்னா, எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க."

மாதன் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூளைக்காரிதான். இத்தனை வருஷமாக அவன் கூடவே சோறு பொங்கி, சண்டை போட்டு, மரவள்ளி பிடுங்கியவள் மூளைக்காரிதான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதான். அழுவதில் அவனுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

"ஆனா பெரியப்பா," என்றாள் கோகிலவாணி தயங்கித் தயங்கி. "இது முன்னமே கண்டுபுடிச்சதுங்க. இந்த ரெண்டு சதுரக் கணக்கை வெளிநாட்டுல முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே கண்டிருக்காங்க. பெரியம்மா சொன்ன இந்தக் காத்தாடி வழிகூட நாங்க பாடத்துல படிக்கறதுதான்."

மாதன் துண்டை எடுத்தான். வந்த சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது. எவனோ, எந்த ஊரோ, செத்து மண்ணாகப் போனவன் மேல் அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. "அவகிட்டச் சொல்லாத சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னத்தைச் சொல்லக் கூடாது?"

பின்னால் தண்ணீர்க் குடத்தோடு இருசாயி நின்றுகொண்டிருந்தாள். மாதனுக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் அவளிடம் சுத்தமாக வராது. சொல்லிவிட்டான்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். எட்டுக்கெட்டுத் தோப்புக்குள் நடந்து போனாள். ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசி மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மாதன் கிட்டப் போகவில்லை. போய் என்ன சொல்வது? ஆட்டுக்காக வாங்கிய அடி, ஊர் சிரித்த சிரிப்பு, தூங்காத தூக்கம் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்து அவள் வாங்கியது, எவனோ எப்போதோ வாங்கி வைத்துவிட்டுப் போன பொருளாகிவிட்டதே.

பாறையில் பொங்கல் பொங்கிவிட்டது. காளியண்ணன் கல் மேல் பூ வைத்துப் பூவாக்குக் கேட்டார். வெள்ளைப் பூ வலது பக்கம் விழுந்தது, சாமி சரியென்றுவிட்டது.

"இருசாயி! உத்தரவு கெடைச்சிருச்சு! வந்து உன்ற கல்லை எடுத்துக்கம்மா!"

அவள் வந்தாள். முகம் கல்லாட்டம் இருந்தது. கற்களைக் குனிந்து பார்த்தாள், எடுக்கவில்லை. கோகிலவாணியின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்கண்ணு, இத்தனை தெரிஞ்சவிங்களுக்குத் தெரியாததுன்னு எதாச்சும் இருக்குதா?"

கோகிலவாணி திகைத்தாள். "நெறைய இருக்குதுங்க பெரியம்மா."

"ஒண்ணு சொல்லு."

அந்தப் பெண் யோசித்தாள். பாறையில் உட்கார்ந்து, பொங்கல் வைக்கக் கொண்டுவந்த பருப்பில் ஒரு பிடி எடுத்துச் சதுரமாக அடுக்கிக் காட்டினாள். "ஒரு சதுரத்தோட ஒரே ஒண்ணைச் சேத்துப் பாருங்க. ரெண்டுக்கு ரெண்டு நாலு, ஒண்ணு சேத்தா அஞ்சு. நீங்க சொல்ற அடங்காத எண்ணு. நாலுக்கு நாலு, ஒண்ணு சேத்தா பதினேழு, அதுவும் அடங்காதது. ஆறுக்கு ஆறு, முப்பத்தேழு. எட்டுக்கு எட்டுல ஏமாத்திரும், அறுவத்தஞ்சு அடங்கிருது. பத்துக்குப் பத்து..."

"நூத்தியொண்ணு அடங்காது," என்றாள் இருசாயி. "பன்னண்டுல அடங்கிரும். பதினாலு, பதினாறு ரெண்டுலயும் அடங்காது. பதினெட்டு அடங்கிரும். இருவதுல அடங்காது."

"ஆமாங்க! இப்படி அடங்காதது வந்துட்டே இருக்குமா, இல்ல ஒரு எடத்துல நின்னுருமா? அதுதான் தெரியாது."

இருசாயி அவளை உற்றுப் பார்த்தாள். "இதையா தெரியாதுங்கறே? ஆடு மேய்க்கறப்பவே இதை நான் வெச்சுப் பாத்திருக்கேன் கண்ணு. எனக்குப் புடிபடவே இல்ல. நமக்குப் புத்தி பத்தாதுன்னு அப்பவே உட்டுட்டேன். ஒருத்தருக்குமா தெரியாது?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க பெரியம்மா. எந்த நாட்டுலயும், எவ்வளவு படிச்சவிங்களுக்கும் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

இருசாயி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணில் ஆரம்பித்து, வாய்க்கு இறங்கி, உடம்பெல்லாம் குலுங்குகிற மாதிரி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து மாதன் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் பார்த்ததில்லை.

"அப்ப எனக்குந் தெரியாது!" என்றாள். ஊருக்கே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள். "எனக்குந் தெரியாதுங்க!"

தெரியாது என்பதை ஒருத்தி இவ்வளவு பெருமையாகச் சொல்லி ஊர் கேட்டதில்லை. மறுபடி சாமி வந்துவிட்டதோ என்று காளியண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனார்.

"சாமியெல்லாம் இல்லைங்க," என்றாள் இருசாயி. "அந்தக் கல்லு அங்கயே இருக்கட்டும். கும்புட்டுக்கோங்க, தப்பில்ல. அது முடிஞ்சுது." பிறகு மாதனிடம் திரும்பினாள். "ஏனுங்க, ஓடைக்குப் போயி வெங்கச்சங்கல்லு பொறுக்கிட்டு வாரீங்களா?"

"இப்பவேயா? நோம்பியும் அதுவுமா?"

"இப்பவேதான்."

மாதன் மரவள்ளிக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். வேட்டியை மடித்துக் கட்டி, நாலு எட்டு வைத்தவன் நின்று திரும்பினான்.

"எத்தனை கல்லு வேணும் புள்ளை?"

இருசாயி கொஞ்சம் யோசித்தாள்.

"அதுதாங்க யாருக்குந் தெரியாது," என்றாள். மாதன் அடுக்களைக்குப் போய் இன்னொரு கூடையையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான்.